அத்தையின் ஸ்டீரியோவும் புது ஹோம் தியேட்டரும்

புது மருமகளும் மாமியாரும் ஒரே சமையலறையில் ஒத்துப் போவார்களா என்று ஊரே கேட்கும். பழைய ஸ்டீரியோ செட்டும் புதிதாக வந்த ஹோம் தியேட்டரும் ஒரே ஹாலில் ஒத்துப் போகுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. புதிது வந்த அன்றே பழையதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அல்லது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆக இருந்தது. நல்லவேளை, ஆகவில்லை. அந்த விவரத்தை எழுதினால் நாலு சகோதரிகளுக்கு உபயோகப்படுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நான் படித்தது பிளஸ் டூ வரைதான். ஒயர், பிளக் என்றால் இவரையோ பிள்ளையையோ கூப்பிடுகிற ரகம். ஆனால் அம்மியையும் மிக்ஸியையும், மண்சட்டியையும் மைக்ரோவேவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர்கள்தானே நாம்? புரிகிற மாதிரி ஒருவர் சொல்லிக் கொடுத்தால் இதுவும் புரிந்துவிடுகிறது.

எங்கள் மாமனார் ரயில்வேயில் இருந்தவர். 1983-இல் அரியர்ஸ் பணம் வந்த கையோடு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர், ரிக்கார்டு பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர்கள் என்று வாங்கிக்கொண்டு வந்து இறக்கினாராம். "அந்தக் காசுக்குப் பவுன் வாங்கியிருக்கலாம். எங்க கேட்டார்?" என்று அத்தை இன்றைக்கும் குறைப்படுவார். குறைப்பட்டுக்கொண்டே தினமும் காலை ஐந்தரை மணிக்கு விளக்கேற்றிவிட்டு, எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் ரிக்கார்டை வைப்பார். 1963-இல் வெளிவந்த அந்தப் பாராயணம் இல்லாமல் எங்கள் வீட்டில் பால் பொங்கினதில்லை. மாமா இருந்தவரை ஊசியை எடுத்து வைப்பது அவர் வேலை. அவர் போய் நான்கு வருஷமாகிறது. அத்தை இப்போது தானே கற்றுக்கொண்டு, கை நடுங்காமல் வைக்கிறார். வயது எழுபத்தாறு.

போன தீபாவளிக்கு இவரும் மூத்தவனும் சேர்ந்து பெரிய டி.வி.யும் அதற்கு ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரும் வாங்கினார்கள். தாம்பரம் வீட்டு ஹால் ஒன்றும் அரண்மனை இல்லை. கடையிலிருந்து மாட்டிக் கொடுக்க வந்த பையன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் சேராது மேடம். பழசை எடுத்துடுங்க, இடமாவது கிடைக்கும்" என்றான். மாமாவின் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றிப் புது ரிசீவரில் மாட்டினான். பழைய ஆம்ப்ளிபையரும் ரிக்கார்டு பிளேயரும் பழைய புடவையில் சுற்றிப் பரணுக்குப் போயின. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. "அத்தை தினம் கேட்கிறாங்களே!" என்றேன். "இதுல எல்லாப் பாட்டும் வரும்டி" என்றார் இவர்.

படம் என்னவோ பிரமாதம்தான், பொய் சொல்லக் கூடாது. மழை பெய்தால் முதுகுக்குப் பின்னால் பெய்கிறது. ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்கு ஹாலில் சத்தமே இல்லை. அத்தை விளக்கேற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் கேட்டேன்.

"ஏன் அத்தை, பாட்டு வைக்கலையா?"

"எதை அமுக்கறதுன்னு தெரியலைம்மா. நாலு ரிமோட்டு கிடக்கு. நான் எதையாவது அமுக்கி, அவ்வளவு காசு போட்டு வாங்கினது கெட்டுப் போச்சுன்னா?"

மூத்தவன் தங்கமானவன். செல்போனில் சுப்ரபாதத்தைத் தேடி எடுத்து, அதை ரிசீவரோடு சேர்த்துக் கொடுத்தான். அத்தை கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருக்கையில் நடுவிலே ஒரு விளம்பரம் வந்ததே பார்க்கணும்! அதுகூடப் போகட்டும். தினமும் பேரன் எழுந்து வந்து போட்டுக் கொடுத்தால்தான் பாட்டு என்றால், காலேஜ் போகிற பையன் ஐந்தரைக்கா எழுந்திருப்பான்? தன் கையால் ஒரு குமிழைத் திருகித் தன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷிக்கு, இப்போது இன்னொருவர் தயவு வேண்டியிருக்கிறது. கண் தெரிந்து, கை வேலை செய்து, நடமாடிக் கொண்டிருக்கிறவரை நாமாக முடக்கிப் போடுவதா? அன்று ராத்திரி இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், "பரண்ல இருக்கிறது கீழே வந்தாகணும். ரெண்டும் எப்படிச் சேரும்னு தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க" என்று.

தெரிந்தவர் எங்கள் தெருக்கோடியிலேயே இருந்தார். நாற்பது வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவர். இப்போது கடை இல்லை, கைதான் இருக்கிறது. வந்தார். டார்ச் அடித்துப் புது ரிசீவரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "ப்ரீ அவுட் இருக்கே! பின்னே என்ன?" என்றார். அவர் எனக்குச் சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன்.

"ஏம்மா, இந்தப் புதுப் பெட்டிக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. முதல்ல, படத்துல இருக்கிற சத்தத்தைப் பங்கு பிரிக்குது. இது முன்னாடி இடது, இது வலது, இது நடுவுல பேசறது, இது பின்னாடி ரெண்டு, அடித்தொண்டை டம்டம் தனி. அஞ்சும் ஒண்ணும்னு சொல்றாங்களே, அதுதான். அப்புறம் அந்தந்தப் பங்கைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புது. முதல் வேலை மாவு அரைக்கிறது, ரெண்டாவது தோசை வார்க்கிறது. ப்ரீ அவுட்ங்கிறது மாவை மட்டும் வெளியே கொடுக்கிற வாசல். முன் பங்கு ரெண்டையும் மாவா வாங்கி, உங்க மாமாவோட கல்லுல வார்த்துக்கலாம்."

எவ்வளவு படித்தாலும் இப்படிச் சொல்ல வருமா!

ஆக, செய்தது இதுதான். மாமாவின் ஸ்பீக்கர் இரண்டும் பழையபடி மாமாவின் ஆம்ப்ளிபையருக்கே போயின. புது ரிசீவரின் பின்னால் 'ஃப்ரண்ட் ப்ரீ அவுட்' என்று எழுதிய சிவப்பு, வெள்ளை ஓட்டைகளிலிருந்து ஒரு ஒயர் ஆம்ப்ளிபையரின் 'ஆக்ஸ்' ஓட்டைக்கு வந்தது. நடு ஸ்பீக்கர், பின் ஸ்பீக்கர்கள், டம்டம் பெட்டி எல்லாம் புதிதோடேயே இருந்துவிட்டன. பழைய ஆம்ப்ளிபையரில் இருந்தது ஐந்து ஊசி நுழைகிற வட்டமான ஓட்டை. அந்தக் காலத்துப் பல செட்டுகளில் அப்படித்தானாம். 'டின்' பிளக் என்று பெயர். ஒரு பக்கம் அந்த வட்டம், மறுபக்கம் சிவப்பு வெள்ளை என்று இருக்கிற ஒயரை மூத்தவன் ரிச்சி தெருவில் தேடிப் பிடித்து வாங்கி வந்தான்.

இதில் விசேஷம் என்னவென்றால், அத்தையின் பாட்டுக்குப் புதுப் பெட்டியை யாரும் தொடவே வேண்டாம். அது அணைந்தே கிடக்கலாம். ஆம்ப்ளிபையரை ஆன் செய்து, குமிழை 'போனோ'வில் வைத்தால் ரிக்கார்டு. படம் பார்க்கிறவர்கள் அதே குமிழை 'ஆக்ஸ்' பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான் சம்பந்தம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ரிசீவரிலும் இந்த வாசல் கிடையாது. விலை குறைந்ததில் பெரும்பாலும் டம்டம் பெட்டிக்கு மட்டும்தான் ஓட்டை இருக்கிறது. கடைக்காரர் முன்பக்கத்து விளக்கைத்தான் காட்டுவார். நீங்கள் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். புடவை வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, ப்ரீ அவுட் இல்லை என்றால், இரண்டு ஆம்ப்ளிபையருக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுகிற மாற்று சுவிட்சுப் பெட்டி கிடைக்கிறது. ஒரு சமயத்தில் ஏதாவது ஒன்றைத்தான் ஸ்பீக்கரோடு சேர்க்கும். சுவிட்சைத் தள்ளுவதற்கு முன்னால் இரண்டிலும் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும்.

ப்ரீ அவுட்டெல்லாம் எதற்கு, இரண்டு ஆம்ப்ளிபையரின் ஒயரையும் முறுக்கி ஒரே ஸ்பீக்கரில் சொருகிவிட்டால் என்ன என்று மூத்தவன் கேட்டான். பெரியவர் பதறிப் போனார். அப்படிச் செய்தால் ஒன்றின் மின்சாரம் மற்றதற்குள் பின்வழியாகப் பாய்ந்து, உள்ளே டிரான்சிஸ்டர் கருகிவிடுமாம். வீட்டில் துறுதுறுவென்று பிள்ளைகள் இருந்தால் இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல் சத்தம். பழையதற்கு ஒரு குமிழ், புதியதற்கு ஒரு ரிமோட். எது எவ்வளவு? பெரியவர் சொன்னபடி படத்துக்கு மட்டும் பழைய குமிழை ஒரே இடத்தில் நிறுத்தினோம். கூட்டுவதும் குறைப்பதும் புதிதின் ரிமோட்டில். அந்த இடத்தை எப்படி அடையாளம் வைப்பது என்று இவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். நான் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் குமிழுக்கு நேரே ஒட்டினேன். இப்போதும் அது சிவப்பாக இருக்கிறது. "பொட்டுல நிறுத்திட்டியா?" என்றுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

பொட்டு வைத்த பிறகுதான் அளவெடுப்பு. ரிசீவரோடு ஒரு குட்டி மைக் கொடுத்திருக்கிறார்கள். அதை நாம் உட்காருகிற இடத்தில், காது உயரத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'ஊய் ஊய்' என்று சத்தம் போட்டு, எது கிட்டே, எது தூரம், எது உரக்க என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பழைய ஆம்ப்ளிபையரின் பாஸ், டிரெபிள் குமிழ்கள் நடுவிலும் லவுட்னஸ் பொத்தான் அணைந்தும் இருக்க வேண்டும். முக்கியமாக, வீட்டில் மூச்சு விடக் கூடாது. எங்களுக்குப் பாதியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது, மறுபடி முதலிலிருந்து!

போடும்போது புதியது முதலில், ஆம்ப்ளிபையர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபையர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டொப்' என்று ஒரு அடி விழும். தினமும் விழுந்தால் அதற்கும் நல்லதல்ல, தூங்குகிற குழந்தைக்கும் நல்லதல்ல.

எல்லாம் மாட்டியான பிறகு ஒரு 'ம்ம்ம்' ரீங்காரம் கேட்டது. பாட்டு ஓடும்போது தெரியாது, நின்றால் தெரியும். பெரியவர் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கிக் காது கொடுத்தார். கேபிள் டி.வி. ஒயரைப் பிடுங்கினதும் நின்றது! இரண்டு வழியாக எர்த் ஆவதால் வருகிற சத்தமாம். எல்லா பிளக்கையும் ஒரே போர்டில் மாட்டி, கேபிள் ஒயரின் நடுவில் ஐசொலேட்டர் என்று விரல் அளவு ஒரு சாமானைச் சேர்த்ததும் சரியாயிற்று. ரிக்கார்டு பிளேயரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் தனியாகத் தொங்குமே, அதை ஆம்ப்ளிபையரின் பின்னால் உள்ள எர்த் திருகாணியில் மாட்டாவிட்டாலும் இதே ரீங்காரம் வரும். சத்தத்தை நிறுத்துகிறேன் என்று மூன்று ஊசி பிளக்கில் பெரிய ஊசியை யாராவது ஒடிக்க வந்தால் விடாதீர்கள். அது உயிரைக் காப்பாற்றுகிற ஊசி.

"ரிக்கார்டு பிளேயரையே நேரா புதுசுல மாட்டியிருந்தா?" என்று இவர் கேட்டதற்கும் பதில் கிடைத்தது. ரிக்கார்டு ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தானாம். மற்ற சாமான்களிலிருந்து வருவதோ அதைப் போல நூறு பங்குக்குக் குறையாது. அதோடு, ரிக்கார்டில் பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்தும் கீச்சொலியைக் கூட்டியும்தான் பதிகிறார்கள். 1954-லிருந்து அதற்கென்று பொதுவான ஒரு அளவு உண்டு. திரும்பக் கேட்கும்போது அதை நேர்செய்ய ஒரு பகுதி வேண்டும். மாமாவின் ஆம்ப்ளிபையரில் 'போனோ' என்று இருப்பது அதுதான். எங்கள் புதுப் பெட்டியில் அது இல்லை. நாலு ரிமோட் கொடுத்தவர்கள் இதைக் கொடுக்கவில்லை, பாருங்கள்!

நாற்பது வருஷத்துச் சாமான் என்றால் கொஞ்சம் பண்டுவம் பார்க்கத்தான் வேண்டும். குமிழைத் திருகினால் 'கரகர' என்றது. உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துத் தடவை முன்னும் பின்னும் திருகினதும் போயிற்று. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி நுரை ரப்பர் வளையம் இருக்கும். அது ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்து போயிருந்தது. "ஸ்பீக்கரே போச்சு" என்று பலர் தூக்கிப் போடுவது இதற்காகத்தானாம். வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். மாற்றின பிறகு இவர் முதலில் போட்டது 'ப்ரியா' படத்து ரிக்கார்டு. 1978-இல் ஸ்டீரியோவில் பதிவான பாட்டுகள் அவை. இடது பக்கம் ஒரு வாத்தியம், வலது பக்கம் ஒன்று, குரல் நட்ட நடுவில். ஹாலில் யாரோ வந்து உட்கார்ந்து பாடின மாதிரி இருந்தது. மூத்தவன் வாயைப் பிளந்து கேட்டான். "ரெண்டே ஸ்பீக்கர்லயாம்மா இப்படி?" என்றான்.

நமக்கென்று சில விஷயங்கள். ஆம்ப்ளிபையர் மேல் குரோஷா துணி போட்டு அதன் மேல் பூச்சாடி வைக்கிற ஆசை எனக்கும் உண்டு. கூடாது. மேலே உள்ள துளைகள் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கவும் கூடாது. ஷோகேஸில் ஆளுக்கு ஒரு தட்டு ஒதுக்கி, மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன். தவழுகிற, பிடித்து நிற்கிற குழந்தை உள்ள வீட்டில் உயரமான ஸ்பீக்கரைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். என் நாத்தனார் பேரன் வந்தபோது முதல் காரியமாக அதைப் பிடித்துத்தான் எழுந்து நின்றான். தரையில் ஓடுகிற ஒயரையும் சுவரோரமாகப் பட்டியில் அடித்து விட்டோம்.

காது விஷயத்தில் நான் கறார். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல். அதற்கு மேல் போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று டெசிபல் கூடினால் கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகிவிடும். செல்போனிலேயே சுமாராக அளந்து பார்க்கலாம். நான் அளந்தேன், சண்டைக் காட்சியில் எண் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்து, ரிசீவரில் இதற்கு மேல் சத்தம் போகக் கூடாது என்று வரம்பு வைக்கிற வசதி இருப்பதைப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றே வைக்கச் சொன்னேன். ராத்திரிப் படத்துக்கு 'நைட் மோட்' உண்டு. அது வெடிச் சத்தத்தை அடக்கி, கிசுகிசுப்பைத் தூக்கிக் கொடுக்கும். அத்தைக்கு வசனம் புரியவில்லை என்று மொத்தச் சத்தத்தையும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டினோம். அவருக்கும் புரிந்தது, எங்களுக்கும் தலைவலி விட்டது.

ஒரு அசௌகரியமும் இருக்கிறது, மறைப்பானேன். படம் பார்க்க இரண்டு பெட்டியும் ஓட வேண்டும். பழையதை ஆன் செய்ய மறந்தால் முன்பக்கம் ஊமை. அதனால் செய்திக்கும் சீரியலுக்கும் டி.வி.யின் சொந்தச் சத்தமே போதும் என்று வைத்துக்கொண்டோம். 'அத்தை பாட்டு: போனோ. படம்: ஆக்ஸ், பொட்டு' என்று ஒரு சீட்டு எழுதி ஷோகேஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அத்தைக்கு அது வேண்டியிருக்கவில்லை. பரணிலிருந்து இறக்கின மறுநாளே ஐந்தரைக்கு ஊசி இறங்கிவிட்டது. சில நாள் மத்தியானம்கூடச் சீர்காழியோ டி.எம்.எஸ்ஸோ கேட்கிறது.

ஒயர், ஐசொலேட்டர், நுரை வளையம், பெரியவருக்கு நாங்களாக வற்புறுத்திக் கொடுத்தது எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. அத்தையிடம் கணக்கைச் சொன்னேன்.

"மூவாயிரமா? இன்னிக்கு விக்கிற விலைக்கு அரைக் கிராம்கூட வராதே!" என்றார்.